ஜீப்பின் முன் சீட்டு

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு டவுனுக்குப் போகும் காலை ஜீப்பில் சுதாராணி எங்கே உட்காருவது என்பது தினசரி ஒரு பஞ்சாயத்து. பின்பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள். பெஞ்சுக்கு ஐந்து பேர் என்பது டிரைவர் கிங்ஸ்டன் போட்ட சட்டம். சுதாராணி ஏறினால் அந்தப் பெஞ்சில் நாலு பேருக்குத்தான் இடம். மிச்சப்படும் அந்த ஐந்தாவது ஆள் வழி நெடுகப் பின்படியில் தொங்கிக்கொண்டு வரவேண்டும். தொங்குகிறவர் வாயை மூடிக்கொண்டா தொங்குவார்?

"அக்கா, ரெண்டு டிக்கெட்டு போட்ரட்டுங்களா?" என்பான் கிங்ஸ்டன், கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே. கெட்ட பையன் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் பாதித் தூக்கத்தில் எழுந்து வண்டியை எடுப்பவன். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் அவனால் விடவே முடியாது. ஜீப் சிரிக்கும். சுதாராணியும் சிரிப்பாள். சிரிக்காமல் இருந்தால் "கோவிச்சுக்கிட்டாப்பல இருக்குது" என்று அடுத்த சிரிப்பு கிளம்பும். அதற்கு முதல் சிரிப்பிலேயே சேர்ந்துகொண்டால் வேலை சீக்கிரம் முடியும்.

முன் சீட்டில் பெரியண்ணன் இருப்பார். எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டவுனில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பேப்பர் படித்து, டீ குடித்து, யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வருவார். அவர் பின்னால் திரும்பிக் கேட்பார்:

"ஏனுங்க, விசேஷம் ஏதும் இல்லீங்களா இன்னும்?"

மழை வருமா என்று கேட்கிற குரல்தான். "இல்லீங்கண்ணா" என்பாள் சுதாராணி. "ஆகும் ஆகும். உடம்பத்தான் கொஞ்சம் பாத்துக்கோணும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக முன்னால் திரும்பிக்கொள்வார். ஒருத்தியைக் காலையிலேயே குத்திவிட்டு இவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் இயற்கைக் காட்சி பார்க்க முடியும் என்றால், அது நம் ஊரில்தான் முடியும்.

கல்யாணமாகி ஆறு வருஷம். புருஷன் சத்யராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாதத்துக்கு ஒருமுறை வருவான். போன வருஷம் சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து வரச் சொன்னார்கள். "எனக்கு என்ன கேடு? நான் எதுக்கு?" என்றான் சத்யராஜ். தனியாகப் போனாள். டாக்டரம்மா ஏறிட்டுப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே பரிசோதனை முடிந்துவிட்டது. "முதல்ல வெயிட்டைக் குறைச்சிட்டு வாங்கம்மா. அப்புறம் பேசலாம்."

வேலை செய்யும் கடையிலும் இதே கதைதான். ஏரிக்குப் பக்கத்தில் டூரிஸ்ட்களுக்கு மிளகு, காபித்தூள், தைலம், சாக்லேட் விற்கும் கடை. அவள்தான் மூத்த ஆள், கணக்கு வழக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் பின் அறையில் பொட்டலம் கட்டும் வேலைதான். முன்னால் நிற்க நேற்று வந்த ஸ்டெஃபியை வைத்திருந்தார் முதலாளி அண்ணாதுரை. "முன்னாடி நெரிசலா இருக்குதும்மா, அதான்" என்றார். நெரிசல் என்றால் எது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஒன்றிரண்டு வருஷம் அழுதிருக்கிறாள். பிறகு கோபம் வந்தது, அதுவும் போனது. ஒரே பக்கமாகப் படுத்திருந்து மரத்துப்போன கை மாதிரி எல்லாம் ஆகிவிட்டது. கை இருக்கிறது என்று தெரியும், கிள்ளினால் மட்டும் தெரியாது. யார் என்ன சொன்னாலும் அவள் பாட்டுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவாள். அவள் வேண்டியது ஒன்றுதான். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும், தன் உடம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு நாள் போய் வரவேண்டும்.

அது எப்படிக் கிடைத்தது என்பதுதான் விஷயம்.

கார்த்திகை கடைசியில் சத்யராஜின் சித்தி போனில் ஒரு வைத்தியம் சொன்னாள். காலையில் இட்லி, சோறு எதுவும் கூடாது. கொள்ளு வேகவைத்த தண்ணீர் ஒரு சொம்பு மட்டும். சுதாராணி அதையும் செய்தாள். இதுவரை சொன்ன எதைத்தான் அவள் செய்யாமல் விட்டாள்? ஒரு வாரம் போயிருக்கும். பனி மூடிய ஒரு காலையில், ஜீப் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தபோது, வெறும் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தி இறங்கி, காபிச் செடி ஓரத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். மஞ்சளாகத் தண்ணீர்தான் வந்தது.

கூடவே இறங்கி முதுகைத் தடவிக்கொடுத்தது சாந்தாமேரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஐம்பது வயதைத் தாண்டியவள், நாலு பெற்றவள், ஊரில் பாதிப் பிரசவத்துக்குத் துணைக்குப் போனவள். அவள் சுதாராணியின் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். அவள் கண் அப்படியே விரிந்தது.

"அடி கள்ளி! முழுகாம இருக்கறயா? ஒரு வார்த்த சொல்லுலயே கண்ணு!"

இல்லை என்று சொல்லத்தான் சுதாராணி வாயைத் திறந்தாள். திறந்த வாயில் மறுபடியும் வாந்தி வந்தது. அதற்குள் சாந்தாமேரி ஜீப்பைப் பார்த்து அறிவித்தாயிற்று. கிங்ஸ்டன் குதித்து இறங்கி ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். பெரியண்ணன் யாரும் சொல்லாமலே முன் சீட்டை விட்டு இறங்கி, பின்படியில் ஏறித் தொங்கிக்கொண்டார்.

மஞ்சக்குட்டை ஜீப்பில் எந்தச் சட்டத்தை மீறினாலும் இந்தச் சட்டத்தை மீறுவதில்லை. முன் சீட்டு பிள்ளைத்தாய்ச்சிக்கு. அப்புறம்தான் நோயாளி, அப்புறம்தான் வயசு. வளைவில் பின்பெஞ்சு தூக்கிப் போடுகிற போடுக்கு வயிறு தாங்காது என்று என்றைக்கோ ஏற்பட்ட வழக்கம். சாதியோ, கட்சியோ, எஸ்டேட் ஆபீசரோ, அந்த இடத்தில் ஒன்றும் செல்லாது.

சுதாராணி முன் சீட்டில் உட்கார்ந்தாள். கை கால் நீட்ட இடம் இருந்தது. முகத்தில் காற்று அடித்தது. ஜீப் அன்றைக்கு மாட்டு வண்டியாக மாறிவிட்டது; ஒவ்வொரு குழிக்கும் கிங்ஸ்டன் பிரேக் போட்டு, "அக்கா, பார்த்துங்க" என்றான். டிக்கெட் விஷயமே பேசவில்லை. சாயங்காலம் திரும்பும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாயங்காலமும் முன் சீட்டு காலியாக அவளுக்காகக் காத்திருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்தாள்.

நாளை வந்தது, போனது. சாந்தாமேரி தன் வீட்டு மரத்து ஆரஞ்சைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். யாரோ நெல்லிக்காய் கொடுத்தார்கள். பெரியண்ணன் பின்னாலிருந்து, "சாப்புடுங்க சாமி, ரெண்டு உசுருக்குத் திங்கோணும்" என்று உத்தரவு போட்டார். கொள்ளுத் தண்ணீரை அவள் நிறுத்திவிட்டாள். ஒருநாள் ஜீப் ஸ்டாண்டில் நின்றபடி சூடாக இரண்டு போண்டா தின்றாள். பொது இடத்தில் தின்று எத்தனையோ வருஷமாகியிருந்தது. இந்த உடம்புக்காரி தின்பதை வேடிக்கை பார்க்க எப்போதும் யாராவது இருப்பார்கள். அன்றும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "இன்னொன்னு வெச்சுக்கங்க" என்றார்கள். ஸ்டெஃபி வழியாகச் செய்தி கடைக்குப் போய், அண்ணாதுரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். முன்னாடி இருந்த நெரிசல் எப்படிக் குறைந்தது என்று அவரும் சொல்லவில்லை.

அதே வயிறுதான். அதே இடுப்பு, அதே நைந்த புடவை. ஒரு கிராம்கூடக் குறையவில்லை, போண்டா புண்ணியத்தில் கூடத்தான் செய்திருக்கும். நேற்றுவரை கேலிக்கு ஆளான அதே சதைக்கு இன்றைக்கு ஊரே குடை பிடிக்கிறது. உள்ளே ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தால்தான் அதைச் சுற்றியிருப்பவளும் ஒரு ஆள் என்று தோன்றுகிறது இவர்களுக்கு. இதை நினைத்து சுதாராணிக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீட்டு மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பயம் மட்டும் இருந்தது. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மாமியார் சென்னம்மாள் கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போகிறவள். வாய் அதிகம் இல்லை. ஆனால் மருமகளைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தெரியும். அது நாலு வசவுக்குச் சமம். அந்த வீட்டில் மாதவிலக்கு நாட்களில் சுதாராணி அடுப்பங்கரைக்குள் போகமாட்டாள். அந்த நாட்களில் சமையல் சென்னம்மாள்தான். ஆகவே மாமியாரிடம் மட்டும் இந்தப் பொய் ஒரு நாள் தாங்காது.

மார்கழியில் அவளுக்குத் தூரமும் வந்தது. அடிவயிறு பிடுங்க, முகம் வெளுத்து, முன் சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போனாள். "அக்காவுக்கு இன்னிக்கு முடியல போல" என்று கிங்ஸ்டன் இன்னும் மெதுவாக ஓட்டினான்.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம். சுதாராணி வீட்டுக்கு வந்தபோது சென்னம்மாள் எஸ்டேட்டிலிருந்து சீக்கிரமே வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் காபிப் பழத்துப் பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது, கழுவக்கூட இல்லை.

"உனக்கு முழுகாம இருக்குதாமா?"

சுதாராணி பையைக் கீழே வைத்தாள். "இல்லீங்கத்தே."

"அது எனக்குத் தெரியாதா? போன வாரம் அடுப்புல நின்னவ நானு. யாரு கெளப்புனது?"

சுதாராணி எல்லாவற்றையும் சொன்னாள். கொள்ளுத் தண்ணீர், வாந்தி, சாந்தாமேரி, முன் சீட்டு, போண்டாவைக்கூட விடவில்லை. கேஸ் எழுதப் போலீசிடம் சொல்வது மாதிரி ஒரே குரலில் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டுத் திட்டுக்காக நின்றாள்.

சென்னம்மாள் திட்டவில்லை. எழுந்து கையைக் கழுவினாள். பால் வைத்தாள்.

"இன்னிக்குப் பழம் எடை போடற எடத்துல கணக்கெழுதற ரைட்டரு என்னைய வரிசையில நிக்க வேண்டாம்னுட்டாரு. மொதல்ல போட்டு அனுப்புனாரு. 'பேரப்புள்ள பாக்கப் போறீங்க, ஊட்டுக்குப் போங்க'ன்னாரு." டீத்தூளை அள்ளிப் போட்டாள். "அந்தச் சின்னன் பொண்டாட்டி இருக்கறாளே, 'உம்பையனுக்கு வேற எடம் பாக்குலயா'ன்னு தெனம் கேப்பா. நானு உங்கிட்டச் சொன்னதில்ல. இன்னிக்கு அவ வாயே தொறக்குல."

சுதாராணி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும் கண்ணு" என்றாள் சென்னம்மாள்.

ஆறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'கண்ணு' வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பறம் என்னங்கத்தே சொல்றது? வயிறு கேப்பாங்க, ஸ்கேன் கேப்பாங்க."

"நிக்குல, தவறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்." வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "சத்யராசுக்கு முன்னால ஒண்ணு தவறிப்போச்சுன்னு நானு சொல்லுவேனில்ல?" என்றாள்.

"ஆமாங்க."

"அப்புடி ஒண்ணு இல்லவே இல்ல."

சுதாராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்மாமியா என்னைய வறுத்தெடுத்துட்டு இருந்தா. தாங்க முடியாம ஒரு நாளு சும்மா சொல்லிட்டேன். அப்பறம் தவறிப்போச்சுன்னேன். நொம்ப நாளைக்கு எங்கூட்டுல ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லுல. கோழி அடிச்சுச் சாறு வெச்சுக் குடுத்தாங்க. அவளே வந்து எந்தலைக்கு எண்ணெ தேச்சு உட்டா." சென்னம்மாள் டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "அவ சாகறவரைக்கும் தெரியாது."

மாமியார் மருமகளுக்குக் கொடுக்க அந்த வீட்டில் நகை நட்டு ஒன்றும் இல்லை. இருந்ததைக் கொடுத்தாள். சென்னம்மாள் அந்தக் காலத்தில் காற்றடித்தால் சாய்கிற ஒல்லி. அதைப் பற்றி அன்றைக்கு இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சத்யராஜ் போன் செய்தான். ஊர்க்காரன் ஒருவன் அவனுக்கும் சொல்லியிருந்தான்.

"என்ன புள்ள, என்னென்னமோ சொல்றாங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா பேச்சு."

"கம்பெனியில பசங்க ஸ்வீட் கேட்டானுங்க. வாங்கிக் குடுத்துட்டேன்" என்றான். இல்லை என்று ஏன் சொல்லவில்லை என்று அவளும் கேட்கவில்லை, நீ ஏன் சொல்லவில்லை என்று அவனும் கேட்கவில்லை. அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே பொய்யின் நிழலில் கொஞ்சம் இளைப்பாறினார்கள். பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்.

தை மாதம் முழுக்க ஓடியது. சுதாராணி முன் சீட்டில் சாய்ந்து உட்காரப் பழகியிருந்தாள். வளைவு வரும்போது வலது கை தானாகப் போய் வயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும். யாருக்காகவும் நடிக்கவில்லை. ஜீப் குலுங்கினால் கை அங்கே போனது, அவ்வளவுதான். ஒருநாள் கடையில் ஸ்டெஃபி, "பேரு யோசிச்சாச்சாக்கா?" என்று கேட்டபோது, சட்டென்று ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் அதை விழுங்கிவிட்டு, ஒரு கிலோ மிளகை நிறுத்துப் போட்டாள்.

மாசியில் சாந்தாமேரி எந்த ஆஸ்பத்திரி, எத்தனாவது மாசம், கார்டு போட்டாச்சா என்று துருவ ஆரம்பித்தாள். கோயிலில் அவள் பேர் சொல்லி ஜெபம் பண்ணுவதாகவும் சொன்னாள். சென்னம்மாளிடம் சொன்னாள் சுதாராணி. "போதும், இதுக்கு மேல இழுக்கக் கூடாது" என்றாள் சென்னம்மாள். சுதாராணி கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குள் படுத்துக்கொண்டாள். சென்னம்மாள் எஸ்டேட்டில் சின்னன் பொண்டாட்டியிடம் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். அதற்கு மேல் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஜீப்புக்குப் போனாள். தூரத்தில் வரும்போதே பேச்சு நின்றது. பெரியண்ணன் முன் சீட்டில் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் இருந்தார். தவறிப்போனவளுக்கு முன் சீட்டு உண்டா இல்லையா என்று வழக்கத்தில் இல்லை. அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று சுதாராணி நேராகப் பின்னால் போய் ஏறினாள். கிங்ஸ்டன் கண்ணாடியில் பார்க்கவில்லை. தினமும் போடுகிற பாட்டையும் போடவில்லை.

சாந்தாமேரி நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தாள். சுதாராணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இந்த ஆறு வருஷத்தில் சுதாராணிக்காக யாரும் இப்படி அழுததில்லை. எதிர்ப் பெஞ்சில் இருந்த பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். அத்தை சொன்னது சரிதான் என்று நினைத்தாள் சுதாராணி. இனி நொம்ப நாளைக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள்.

ஜீப் முதல் வளைவைத் தாண்டியது. சாந்தாமேரி மூக்கை உறிஞ்சினாள். கையைத் தடவிக்கொடுத்தாள்.

"நானு சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத கண்ணு. உன்னையப் பெத்தவளாட்டம் சொல்றேன்." குரல் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிரியமாக இருந்தது. "உடம்ப முன்னாலயே கொஞ்சம் கொறச்சிருந்தயின்னா தங்கியிருக்கும். இத்தன சதைக்குள்ள பச்சை உசுரு எப்படித்தான் தாங்கும் சொல்லு?"

"அதானுங்க" என்றார் பெரியண்ணன் முன்னாலிருந்து, வருத்தமாக. "அன்னிக்கே சொன்னேன்."

எதிர்ப் பெஞ்சில் தலைகள் ஆடின. எல்லா முகத்திலும் இரக்கம்தான் இருந்தது. யாரும் கேலி செய்யவில்லை.

சுதாராணி தன் வயிற்றைப் பார்த்தாள். அங்கே எதுவும் இருந்ததில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மார்கழியில் தூரம் வந்தது, தையில் வந்தது. ஆனாலும் ஸ்டெஃபி கேட்டபோது விழுங்கிய அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் குறைத்திருந்தால் இருந்திருக்குமோ? வாயைக் கட்டியிருந்தால், ஸ்டாண்டில் நின்று அப்படித் தின்னாமல் இருந்திருந்தால்? இத்தனை வருஷமாக எதற்கும் வராத கண்ணீர் இப்போது வந்து கன்னத்தில் ஓடியது.

"ஆமாங்கக்கா" என்றாள். "எம்மேலதான் தப்பு."

சொல்லும்போது அது அவளுக்குப் பொய்யாகவே தோன்றவில்லை.